ஒன்பது பேர் கொண்ட குழுவுக்கு பிரான்ஸின் லெ புய் – கோன்க் நடைவழி ஏற்றதா?

அடையாறு காலைநடை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அடையாறு, பெசன்ட் நகர் பகுதிகளில் காலையில் சேர்ந்து நடக்கும் ஒன்பது பேர், அடுத்த ஆண்டு பிரான்ஸின் நாட்டுப்புறத்தில் பத்து நாட்கள் நடப்பது என்று தீர்மானித்திருக்கிறோம். எங்களில் இளையவருக்கு 48 வயது, மூத்தவருக்கு 69. இருவருக்கு முழங்கால் வலி உண்டு என்றாலும், அவர்கள் திருவண்ணாமலை கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரையும் சிரமமின்றிச் சுற்றி வருபவர்கள்தான். பாரிஸை ஏற்கெனவே பேருந்துச் சுற்றுலாவில் பார்த்துவிட்டவர்கள் எங்களுள் பலர் இருப்பதால், இம்முறை பழைய சிற்றூர்கள், கல் பாலங்கள், நூற்றாண்டுகள் கடந்த தேவாலயங்கள் ஆகியவற்றை நிதானமாக, காலால் நடந்தே பார்க்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

தேடிப் பார்த்ததில், மத்திய மலைப்பகுதியிலுள்ள லெ புய்-ஆன்-வெலே நகரிலிருந்து கோன்க் என்னும் ஊர் வரை செல்லும் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வழி எங்களைக் கவர்ந்தது. ஸ்பெயினிலுள்ள சந்தியாகோ திருத்தலத்துக்கு இடைக்கால யாத்திரிகர்கள் நடந்து சென்ற பாதையின் முதல் பகுதி இது என்று அறிகிறோம். நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர் என்பது எங்கள் குழுவுக்கு இயலுமா, வழிகாட்டியுடன் செல்லும் கட்டணப் பயணத்தில் சேர்வதா அல்லது நாங்களே ஏற்பாடு செய்துகொள்வதா, ஒன்பது பேருக்கும் ஒரே இடத்தில் படுக்கை கிடைக்குமா என்பனவே எங்கள் கேள்விகள். இவ்வழியில் நடந்தவர்கள் யாரேனும் இருந்தால் தயவுசெய்து விரிவாக எழுதவும்.

மயிலை வழிநடையர் எழுதியது:

வணக்கம் அம்மா. என் மனைவியும் நானும் உறவினர் சிலரும் இவ்வழியில் நடந்திருக்கிறோம் என்பதால் எழுதுகிறேன். நீங்கள் தூரத்தைக் குறித்துக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் குழுவைப் பொறுத்தவரை தூரத்தைவிட இறக்கம்தான் பெரிய சிக்கல். கிரிவலப் பாதை சமதளம், பெரும்பாலும் தார் போட்டது. அங்கே 14 கிலோமீட்டரைத் தாங்கும் முழங்கால், இங்கே முதல் இரண்டு நாட்களிலேயே வேறு வகையான சோதனைக்கு உள்ளாகும்.

பெரும்பாலோர் முதல் நாள் லெ புய் நகரிலிருந்து ஏறத்தாழ 23 கிலோமீட்டர் நடந்து சேன்-ப்ரிவா-தாலியே என்னும் சிற்றூரில் தங்குவார்கள். மறுநாள் காலை, ரோஷ்கூத் என்னும் பாறை முனையில் தனியே நிற்கும் சிறு வழிபாட்டுக்கூடத்தைத் தாண்டியதும், பாதை அலியே ஆற்றங்கரையில் உள்ள மோனிஸ்த்ரோல் ஊரை நோக்கிச் செங்குத்தாக இறங்குகிறது. வேர்களும் பாறைகளும் சரளைக்கற்களும் மாறி மாறி வரும், மழை பெய்திருந்தால் வழுக்கிவிடும் இறக்கம் அது; நடைக்கம்பு இல்லாமல் இறங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆற்றைக் கடந்த உடனேயே எதிர்ப்புறம் இறங்கிய உயரத்துக்குக் குறையாமல் ஏற வேண்டும். பயண நிறுவனங்களின் விளம்பரத் தாள்களில் கிலோமீட்டர் பெரிய எழுத்தில் இருக்கும். ஏற்ற இறக்க மீட்டர் கணக்கு இருந்தாலும் ஒரு மூலையில்தான் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

சென்னையில் மலை இல்லை என்பது உண்மைதான், ஆனால் பரங்கிமலைப் படிகள் இருக்கின்றன, நம் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் மாடிப்படிகளும் இருக்கின்றன. பயிற்சிக்கு ஏறுவதைப் போலவே இறங்குவதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். மின்தூக்கியில் கீழே வந்துவிட்டால் பயிற்சியில் பாதி போய்விடும். லெ புய் நகரிலேயே ஒரு நல்ல சோதனைக் களமும் உண்டு. 80 மீட்டருக்கு மேல் ஊசி போல எழுந்து நிற்கும் எரிமலைப் பாறையின் உச்சியில், புனித மிக்கேல் பெயரால் பத்தாம் நூற்றாண்டில் எழுப்பிய சிற்றாலயம் இருக்கிறது. அதற்கு 268 படிகள். அது எழுப்பப்பட்ட காலத்தில் அந்நகரின் ஆயராக இருந்த கோதெஸ்கால்க், 950–951-இல் சந்தியாகோவுக்குச் சென்று வந்தவர். பிரான்ஸிலிருந்து அங்கு நடந்த யாத்திரிகர்களில் பெயர் தெரிந்த மிகப் பழையவர்களுள் ஒருவர். நடை தொடங்குவதற்கு முந்தைய நாள், முழங்கால் வலி உள்ள இருவரும் அந்தப் படிகளில் ஏறி இறங்கட்டும். மோனிஸ்த்ரோல் இறக்கத்தை அவர்கள் நடந்து கடப்பதா, வண்டியில் கடப்பதா என்பது அன்று மாலையே தெரிந்துவிடும்.

வழிகாட்டி தேவையில்லை என்பது என் கருத்து. ஜிஆர் 65 என்று எண்ணிடப்பட்ட இந்த நெடும்பாதையில், மரத்திலும் பாறையிலும் மின்கம்பத்திலும் வெள்ளைக் கோடும் அதன் கீழே சிவப்புக் கோடும் தீட்டியிருப்பார்கள். திரும்ப வேண்டிய இடத்தில் அக்கோடுகளுடன் வளைந்த குறி இருக்கும். அதே இரு நிறங்களில் பெருக்கல் குறி இருந்தால் நீங்கள் தவறான பாதையில் கால் வைத்துவிட்டீர்கள் என்று பொருள். பிரான்ஸில் மலைநடைக்குக் கட்டணம் பெற்று வழிகாட்ட அரசுச் சான்றிதழ் வேண்டும் என்பதால் அங்குள்ள வழிகாட்டிகள் நன்கு கற்றவர்கள், சந்தேகமில்லை. ஆனால் வழிகாட்டி இருந்தால் ஒன்பது பேரும் ஒரே வேகத்தில் நடந்தாக வேண்டும், அது உங்கள் குழுவுக்குப் பொருந்தாது. தங்குமிட முன்பதிவையும் பை அனுப்புவதையும் மட்டும் ஓர் உள்ளூர் நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு, நடையை உங்கள் விருப்பப்படி வைத்துக்கொள்ளும் ஏற்பாடு பரவலாகக் கிடைக்கிறது. காலையில் விடுதி வாசலில் வைக்கும் பையை மாலையில் அடுத்த ஊர் விடுதியில் எடுத்துக்கொள்ளலாம். முன்கூட்டியே சொல்லிவைத்தால் இடமிருக்கும் பட்சத்தில் அந்த வண்டிகளில் ஆட்களையும் ஏற்றிக்கொள்வதுண்டு; உங்கள் குழுவுக்கு இதுவே மிகப் பெரிய வசதி.

வழியில் வரும் ஓப்ராக் மேட்டுநிலத்தைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. சுமார் 1,300 மீட்டர் உயரத்தில், மரங்களே அரிதான புல்வெளியும், அதைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் கல் வேலிகளும், கண்ணுக்கு மை தீட்டியது போன்ற பழுப்பு நிறப் பசுக்களும் தவிர அங்கே வேறொன்றும் இல்லை. நாஸ்பினாலிலிருந்து சேன்-ஷேலி-தோப்ராக் வரையிலான 17 கிலோமீட்டர், 1998-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்றுக்கொண்ட பாதைத் துண்டுகளுள் ஒன்று. நடுவில் உள்ள ஓப்ராக் ஊரில் 12-ஆம் நூற்றாண்டில் யாத்திரிகர்களுக்காக ஒரு மடம் நிறுவினார்கள். மூடுபனியிலும் பனிப்பொழிவிலும் திசை தவறியவர்கள் ஒலியைப் பின்பற்றி வந்து சேரும் பொருட்டு அங்கே மணி அடித்துக்கொண்டிருப்பார்களாம். அந்த மூடுபனி இன்றும் மாறவில்லை. மே மாதத் தொடக்கத்தில் அங்கே பனி விழுவதும் உண்டு என்பதால், மே என்றால் பிற்பகுதி, இல்லையேல் செப்டம்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மே 25-ஐ ஒட்டிய வார இறுதியில் மட்டும் ஓப்ராக் பகுதியில் இருக்க வேண்டாம். மாடுகளை அலங்கரித்துக் கோடை மேய்ச்சலுக்கு ஓட்டிச் செல்லும் விழா அப்போது நடப்பதால், ஒன்பது பேருக்கு அல்ல, ஒருவருக்கே படுக்கை கிடைக்காது. மேய்ச்சல் நிலங்களுக்கு ஊடாகவே பாதை செல்லும். படலைத் திறந்தால் மறக்காமல் மூட வேண்டும், கன்றுடன் நிற்கும் பசுவுக்கு அருகில் போகக் கூடாது. நம் ஊரில் பசுவைத் தொட்டுக் கும்பிடும் பழக்கத்தைச் சில நாட்களுக்கு ஒத்திவைப்பது நல்லது.

தியாகராய நகர் வாசகர் எழுதியது:

விசா குறித்து மட்டும் ஒரு செய்தி. பிரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதங்கள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது பதினைந்து நாட்களுக்கு முன் விண்ணப்பித்திருக்க வேண்டும் என்பது விதி, ஆனால் மே மாதப் பயணம் என்றால் கோடை விடுமுறைக் கூட்டத்தில் சென்னையில் நேர ஒதுக்கீடு கிடைப்பதே கடினம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. குழுவாகச் சென்றாலும் விண்ணப்பம் ஆளுக்கு ஒன்று. ஒவ்வோர் இரவும் வேறு வேறு ஊரில் தங்குவதால், தேதி, ஊர், விடுதி, முன்பதிவு உறுதி ஆகியவற்றை ஒரே அட்டவணையாக எழுதி ஒவ்வொருவர் விண்ணப்பத்துடனும் இணைத்துவிடுங்கள். பத்து ஊர்களின் பெயர்களைத் துண்டு துண்டான தாள்களில் பார்க்கும் அதிகாரிக்கு இது என்ன பயணம் என்றே விளங்காது.

நங்கநல்லூர் பயணி எழுதியது:

மயிலை நண்பர் நன்றாக எழுதியிருக்கிறார். ஆயினும் இந்தக் குழுவுக்கு அந்த வழியே தேவையா என்று எனக்கு ஐயமாக இருக்கிறது. தினமும் பையைக் கட்டி, தினமும் புதிய படுக்கையில் உறங்கி, அன்றைய ஊரை அன்றைக்கே எட்டித் தீர வேண்டும் என்ற கட்டாயத்தில் நடப்பது யாத்திரை, விடுமுறை ஆகாது. நாங்கள் தென்மேற்கே தோர்தோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில், சார்லா என்னும் இடைக்கால நகருக்கு அருகில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, அங்கிருந்து நாள்தோறும் ஒரு வட்டமாக நடந்து திரும்பினோம். கால் வலிக்கிறவர் அன்று வீட்டில் இருக்கலாம், அல்லது சந்தைக்குப் போகலாம். மற்றவர்களின் திட்டம் அதனால் கெடாது.

வரலாறு வேண்டும் என்றால் அங்கே அதற்குக் குறைவே இல்லை. இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் 1337 முதல் 1453 வரை நடந்த நூறாண்டுப் போரில், பேனாக் கோட்டை ஒரு தரப்பிலும் ஆற்றின் எதிர்க்கரையில் காஸ்தெல்நோ கோட்டை மறு தரப்பிலும் நின்றன. இன்று ஒன்றின் மதிலில் நின்றால் மற்றொன்று கண்ணுக்கு நேரே தெரிகிறது. குன்றின் மேல் உள்ள தொம், 1281-இல் அரசாணையால் திட்டமிட்டு நிறுவப்பட்ட அரண் நகரம். சார்லாவின் பழைய தெருக்கள் இன்று இந்த நிலையில் நிற்பதற்கு, பழைய நகர்ப்பகுதிகளைக் காக்க 1962-இல் பிரான்ஸ் இயற்றிய சட்டமே காரணம். அச்சட்டம் முதலில் செயல்படுத்தப்பட்ட நகரங்களில் அதுவும் ஒன்று. மழை நாளில், ஆதிமனிதர் தீட்டிய ஓவியங்களுக்குப் பெயர் பெற்ற லாஸ்கோவுக்குப் போகலாம். 1940-இல் கண்டுபிடிக்கப்பட்ட அந்தக் குகை, பார்வையாளர்களின் மூச்சுக்காற்றால் ஓவியங்கள் கெடத் தொடங்கியதால் 1963-இல் மூடப்பட்டது. 2016-இல் திறந்த முழு அளவு நகலைத்தான் இப்போது காட்டுகிறார்கள். நகல்தானே என்று முகம் சுளிப்பவர்களும் உள்ளே போய் வாய்மூடி நிற்பார்கள்.

ஒரு குறை உண்டு. அது வாத்துக்கும் வாத்தின் ஈரலுக்கும் பெயர் பெற்ற நாடு; சைவர்கள் உணவகத்தில் உட்கார்ந்தால் கோழிமுட்டை அடையையும் காய்கறிக் கலவையையும் தவிர வேறு ஒன்றும் கிடைப்பது அரிது. ஆனால் வாடகை வீட்டில் அடுப்பு இருக்கிறதே.

அடையாறு காலைநடை எழுதியது:

மூவருக்கும் நன்றி. இன்று காலை நடையில் இதையே பேசினோம். கோட்டைகளைப் பார்க்கும் ஆசை சிலருக்கு இருந்தாலும், ஓர் ஊரில் தொடங்கி வேறோர் ஊரில் முடியும் நடைதான் வேண்டும் என்று பெரும்பான்மையோர், குறிப்பாக முழங்கால் வலி உள்ள இருவருமே, சொல்லிவிட்டார்கள். எனவே லெ புய் வழியே. ஆனால் எங்களில் நால்வர் சைவம், அவர்களுள் ஒருவர் முட்டையும் தொடாதவர். மலையூர் விடுதிகளில் எல்லோருக்கும் ஒரே சமையல் என்று படித்தேன். அவருடைய நிலை என்ன?

மேற்கு மாம்பலம் சமையற்கட்டு எழுதியது:

அம்மா, நான் அந்த வழியில் முட்டை, மீன், இறைச்சி எதுவுமின்றி நடந்து வந்தவள். ஜீத் என்று அழைக்கப்படும் நடையர் விடுதிகளில் மாலை ஏழு, ஏழரை மணிக்கு எல்லோரும் ஒரு நீண்ட மேசையில் அமர்ந்து, சமைத்ததை ஒன்றாக உண்பது வழக்கம். முன்பதிவின்போதே எழுதிவிட்டால் பெரும்பாலும் தனியே ஏதேனும் செய்து தருவார்கள். வந்து இறங்கிய பின் சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய இயலாது. சைவம் என்று மட்டும் எழுதினால் போதாது. இறைச்சி, மீன், முட்டை, இறைச்சிச் சாறு இட்ட சூப், பன்றிக்கொழுப்புத் துண்டு இவை எதுவும் ஆகாது என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுத வேண்டும். லெ புய் நகரின் பச்சைப் பயறு போன்ற சிறு பருப்பு பிரான்ஸ் முழுவதும் புகழ் பெற்றது. நமக்கென்றே விளைந்தது போலத் தோன்றும், ஆனால் உணவகத்தில் அதைப் பெரும்பாலும் பன்றி இறைச்சியோடுதான் சமைக்கிறார்கள். பருப்பைக் கடையில் வாங்கி, அடுப்பைப் பயன்படுத்த அனுமதிக்கும் விடுதிகளில் நாங்களே வேகவைத்துக்கொண்டோம்.

ஓப்ராக் பகுதியில் அலிகோ என்று ஒரு பண்டம். மசித்த உருளைக்கிழங்கில் முதிராத இளம் பாலாடைக்கட்டியையும் பூண்டையும் சேர்த்து, பெரிய மரக்கரண்டியால் கிண்டிக் கிண்டி, கரண்டியைத் தலைக்கு மேல் தூக்கினாலும் அறுந்து விழாத நாடாவாக இழுப்பார்கள். பார்க்கவும் உண்ணவும் அருமையானது. நடந்து களைத்த வயிற்றுக்கு அது ஒன்றே போதும். கண்டிப்பான சைவர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: அங்குள்ள மரபான பாலாடைக்கட்டிகளில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைச் சேர்ப்பதே வழக்கம். அதைத் தெரிந்துகொண்ட பின் உண்பதும் தவிர்ப்பதும் அவரவர் முடிவு. நான் தவிர்த்தேன், என்னுடன் வந்த என் நாத்தனார் இரண்டாம் முறை கேட்டு வாங்கி உண்டார்.

பையில் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, அவல் ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். நெய் வேண்டாம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பயணிகள் பால்பொருளும் இறைச்சியும் கொண்டுவரத் தடை இருக்கிறது. பச்சைக் கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் கூடாது. சிற்றூர்க் கடைகள் மதியம் இரண்டு மூன்று மணி நேரம் மூடியிருக்கும், ஞாயிறு பிற்பகலும் திங்களும் பல ஊர்களில் திறப்பதே இல்லை. ஆகவே சனிக்கிழமையே இரண்டு நாள் ரொட்டியும் பழமும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

மயிலை வழிநடையர் எழுதியது:

முடிவு லெ புய் என்றால், 200 கிலோமீட்டரையும் பத்து நாட்களில் முடித்தே தீர வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். நாங்கள் சென்றபோது வயதில் மூத்தவர்களுக்காக நான் வகுத்த பிரிப்பை இங்கே தருகிறேன். வழக்கமாக இரண்டு நாட்களில் நடக்கும் லெ புய் – சோக் பகுதியை மூன்றாக்குங்கள்: முதல் நாள் மோன்போனே வரை சுமார் 16 கிலோமீட்டர், இரண்டாம் நாள் மோனிஸ்த்ரோல் வரை 14, மூன்றாம் நாள் சோக் வரை 12. இவ்வாறு செய்தால் அந்தக் கொடிய இறக்கம் இரண்டாம் நாளின் முடிவில் வரும், ஏற்றம் மறுநாள் காலையில் புதிய கால்களுக்கு வரும். சோக் ஊரில் 1764 முதல் 1767 வரை அப்பகுதியை நடுங்க வைத்த ஆட்கொல்லி விலங்கைப் பற்றி ஓர் அருங்காட்சியகம் உண்டு, பிற்பகல் கழிந்துவிடும். சோக்கிலிருந்து ஓமோன்-ஓப்ராக் வரையுள்ள காட்டுப் பகுதியை வண்டியில் கடந்துவிடுங்கள். அழகான பகுதிதான், மறுக்கவில்லை. ஆனால் எதையேனும் விட வேண்டும் என்றால் நான் இதைத்தான் விடுவேன்.

ஓமோனிலிருந்து நாஸ்பினாலுக்கு 26 கிலோமீட்டர். அதை இடையில் ஓர் இரவு தங்கி இரண்டு நாளாக நடக்கலாம். பிறகு சேன்-ஷேலி, சேன்-கோம், எஸ்தான், கொலின்யாக், கோன்க் என்று நாளுக்கு ஓர் ஊர். மொத்தம் பத்து நடை நாட்கள் சரியாக வரும். சேன்-ஷேலியிலிருந்து சேன்-கோம் செல்லும் நாளும் கணிசமான இறக்கம் என்பதை முழங்கால் வலி உள்ளவர்கள் குறித்துக்கொள்ளட்டும். கொலின்யாக்கிலிருந்து கோன்க் 21 கிலோமீட்டர், கடைசியில் கல்லும் பள்ளமுமாக மீண்டும் ஒரு செங்குத்து இறக்கம். அன்று தேவையானால் பாதி வழி வரை வண்டியில் வந்து சேர்ந்துகொள்ளலாம்.

கோன்க் ஊரில் இரண்டு இரவுகள் தங்குங்கள். தேவாலய வாசலின் மேல் 12-ஆம் நூற்றாண்டில் செதுக்கிய இறுதித் தீர்ப்புச் சிற்பத்தில் 124 உருவங்கள். நரகப் பகுதியில் கழுத்தில் பணப்பையுடன் தொங்கும் கருமியைத் தேடிப் பாருங்கள், வெளி வளைவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு திருட்டுத்தனமாக எட்டிப் பார்க்கும் சிறு தலைகளையும் தேடுங்கள். உள்ளே ஓவியர் பியர் சூலாஜ் வடிவமைத்து 1994-இல் பொருத்திய நிறமற்ற கண்ணாடிச் சாளரங்கள் பலருக்கு ஏமாற்றம் அளிக்கின்றன. மாலை வெயிலில் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தபின் எனக்குப் பிடித்துப்போயின.

ஒன்பது பேரும் நாள் முழுவதும் வரிசையாக நடக்க வேண்டாம். வேகமாக நடப்பவர்கள் முன்னே போகட்டும், ஆனால் மதிய உணவுக்கு ஓர் ஊரைக் குறித்து அங்கே எல்லோரும் கூடுங்கள், கடைசியில் வருபவருடன் எப்போதும் இன்னொருவர் இருக்கட்டும், இருவரிடமும் 112 என்ற அவசர எண் இருக்கட்டும். படுக்கையைப் பொறுத்தவரை, பல விடுதிகளில் மொத்தமே பதினைந்து இருபது இடங்கள்தான் என்பதால் ஒன்பது பேரை ஒரே விடுதியில் வைக்கப் பிடிவாதம் பிடிக்காதீர்கள். ஐந்தும் நான்குமாக ஒரே ஊரின் இரு விடுதிகளில் கேட்டால் எளிதில் கிடைக்கும். மே மாதம் என்றால் புத்தாண்டு முடிந்ததும் எழுதத் தொடங்குங்கள், முதலில் சேன்-ஷேலிக்கும் கோன்க்குக்கும் எழுதுங்கள். அங்கேதான் இடம் விரைவில் தீர்கிறது.